மிதிக்கும் காலம்

தை பிறந்த கையோடு மரக்காணம் போகிறவர்கள் பாத்திகளில் உப்பைத் தேடினால் காண மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற நீர் இன்னும் நின்றுகொண்டிருக்கும். வடித்துவிட்ட பாத்திகளில் கருஞ்சேறு வெயிலில் மினுங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ஓலை வேய்ந்தும் தார்ப்பாய் போர்த்தியும் கிடக்கிற அம்பாரங்கள் போன கோடையின் மிச்சம். அவற்றின் விளிம்பில், போர்வை விலகிய இடத்தில் மட்டும் வெள்ளை தெரியும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த விடுமுறைக்குக் கேட்டது வேறு வெள்ளை. காஷ்மீரின் குல்மார்க்கில் 2020 முதல் நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பார்த்து வந்த ஆசை. தேவதாரு மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். பிறகு பலகை மேல் நின்று பனிச்சரிவில் சறுக்க வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் அந்த உயரமும் குளிரும் அம்மாவின் மூச்சுக்கு ஆகாது, அவரைத் தனியே விட்டுப்போகவும் எங்களுக்கு மனமில்லை. சென்னையிலிருந்து 120 கிலோமீட்டர் தெற்கே, எல்லோருமாகப் போய் நடந்துவிட்டு வரக்கூடிய ஊர் என்று மரக்காணத்தைத் தேர்ந்தோம். கழுவேலிச் சதுப்பு நிலமும் அங்கேதான் இருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த பூமீசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு உப்பளத்துக்கு வந்தபோது, ஒரு பாத்தியில் நாலைந்து பேர் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில்லை. ஒரு கால் அழுந்தும், மறுகால் அதை ஒட்டி விழும். குதிகாலில் தொடங்கும் பாரம் மெல்ல விரல்களுக்கு வந்து சேரும். சேறு ஒரு சின்ன ஓசையோடு விட்டுக்கொடுக்கும். வரிசை வரப்பைத் தொட்டதும் திரும்பி, போன தடத்தின் மேலேயே மறுபடி வரும். அவர்கள் கடந்த இடத்தில் கால்தடங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை, தரை ஒரே பரப்பாக இறுகியிருந்தது.

வரப்பில் உட்கார்ந்து கால் ஆற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் என் மகள் கேட்டாள்: “எத்தன நாள் மிதிக்கணும் ஆயா?”

“தரை காயுறதப் பாத்துதாம்மா. மிதிச்சிட்டுக் காய வுடணும், வெடிச்சா தண்ணி காட்டித் திரும்ப மிதிக்கணும். ஓட்ட இருந்தா உப்பு நிக்காது. மாசியில வாரலாம்.”

அவர் சொன்னதில் உப்புத் தொழிலின் பாதி அடங்கிவிட்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் இருக்கும் மொத்த உப்புகளே 35 கிராம் அளவுதான். அந்த நீர் வெயிலிலும் காற்றிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சமையலுப்பு படியத் தொடங்கும். அடர்த்தியைப் போமே மானியில் அளப்பார்கள். மூன்று டிகிரிக்குச் சற்று மேலே இருந்த கடல்நீர் 25 டிகிரிக்கு ஏறியாக வேண்டும். முப்பதைத் தாண்ட விட்டாலோ மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துவிடும். இவ்வளவு பொறுமையாகத் திரட்டிய நீர் அடியில் கசிந்து போகாமல் இருக்கவும், வாரும்போது உப்போடு மண் ஏறாமல் இருக்கவும் வேண்டியது இறுகிய தரை. கோடையில் எல்லோரும் காணப்போகும் வெண்மை முழுவதும், தையில் யாரும் காணாத இந்த மிதியின் மேல்தான் படிகிறது.

அம்மா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். “அடிப்பிரதட்சிணம் மாதிரியே இருக்குடா” என்றார்.

குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்துப் பிராகாரத்தைச் சுற்றும் பெண்களை எல்லாக் கோயிலிலும் பார்க்கிறோம். பத்து நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு சுற்று அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். எங்கும் போய்ச் சேராத நடை அது. தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். ஆனாலும் அந்த நடையில் பிராகாரத்தின் ஒவ்வொரு கல்லும் காலில் பட்டுவிடுகிறது, ஓர் அடி அகலம்கூட விடுபடுவதில்லை. சறுக்குப் பலகையின் இன்பம் இதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. உடலின் பாரம் மறந்து, நிலம் காலடியில் பட்டும் படாமலும் ஓட வேண்டும். அந்த விடுதலையும் மெய்யானதுதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் மனம் பழகியிருப்பது சறுக்குவதற்கு மட்டுமே. பூசையில் உட்கார்ந்தாலும் நாமம் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், நினைவு இன்னொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஒரே நாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறேன். இனி அந்தப் பாத்தியைக் காட்டுவேன். நேற்று மிதித்த இடத்தை இன்றும் மிதிக்கிறார்கள். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பெய்வதும் காய்வதும் அவர்கள் கையில் இல்லை. கசியாத தரை ஒன்றை ஆக்கி வைப்பதே அவர்கள் பங்கு.

இதைச் சொல்லும்போது அந்தக் கால்களை மறந்துவிடக் கூடாது. உவர்நீரில் ஊறி வெடித்த பாதங்கள் அவை. பலருக்குக் காலணி கிடையாது. கோடையில் உப்பின் மேல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணை அறுக்கும். மழை மாதங்களில் வேலை இல்லை. அந்தக் காலத்துக்கு நிவாரணமாக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரத் தொடங்கியது அண்மையில்தான். 2020 நவம்பரில் நிவர் புயல் இந்த ஊருக்கு அருகேதான் கரையேறியது. 2024 நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் வந்தபோது உப்பளங்கள் வெள்ளத்துக்குள் போயின. ஒவ்வொரு முறையும் நீரை வடித்து, வரப்பைக் கட்டி, முதலிலிருந்து மிதிக்கிறார்கள். நம் உணவில் தினமும் விழும் ஒரு சிட்டிகைக்குப் பின்னால் இருக்கும் இந்த உழைப்பை நினைக்காமல் செய்யும் தியானம் எனக்குச் சம்மதமில்லை. அதற்கு உரிய கூலியும் நிழலும் கிடைக்க வேண்டும் என்று விரும்புவதும் வழிபாட்டின் ஒரு பகுதிதான்.

உப்புக்காக நடந்தவர்களும் நம் மண்ணில் இருந்தார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் புறப்பட்ட ராஜாஜியும் ஏறத்தாழ நூறு தொண்டர்களும் வேதாரண்யம் வரை நடந்தே போனார்கள். பதினைந்து நாள் நடை, ஒரு கைப்பிடி உப்புக்காக. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு உமணர்கள் மாட்டு வண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றி வந்தார்கள். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் வரும் கடற்கரை ஊரான எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

மாலையில் கழுவேலிக்குப் போனோம். எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வந்து கலக்கும் உவர்ச் சதுப்பு அது. 5,151 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கரையோரமாக நடந்தபோது பிள்ளைகள் கேட்டது போன்ற பனிநாட்டிலிருந்தே விருந்தினர்கள் வந்திருந்தார்கள். வளைமூக்கு உள்ளான் சைபீரியத் துருவ நிலத்தில் குஞ்சு பொரிக்கும் பறவை. பனி உறையத் தொடங்குமுன் கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, இந்தச் சேற்றில் மூக்கை நுழைத்து இரை தேடிக்கொண்டிருந்தது. கைக்குள் அடங்கும் அளவுதான் இருக்கும்.

சற்றுத் தள்ளிப் பூநாரைகள். ஆழமில்லாத நீரில் நின்று, தலையைத் தாழ்த்தி, கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு மெல்ல வட்டமாகச் சுற்றின. கலங்கிய சேற்றிலிருந்து மேலே வரும் சிற்றுயிர்களை வடித்து உண்பது அவற்றின் வழக்கம். காலையில் பார்த்தவர்களை என் மகளே நினைவுபடுத்தினாள். அம்மா கைகூப்பினார்.

எனக்கு அப்பர் நினைவு வந்தது. பனிமலைக்குப் போக ஆசைப்பட்டவர்களில் அவரைப் போல் ஆசைப்பட்டவர் யார்? கயிலையைக் கண்டே தீர்வது என்று முதிய வயதில் வடக்கே நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் ஊன்றிப் போனார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது உருண்டார். பெரியபுராணம் இந்த இடத்தைச் சொல்லும்போது படிக்கிறவர் உடம்பும் வலிக்கும். இறைவன் முனிவராக வந்து, இந்த உடலோடு அங்கே போக முடியாது, திரும்பு என்கிறார். அப்பர் மறுக்கிறார். பிறகு ஒரு குளத்தில் மூழ்கச் சொல்ல, மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அங்கேதான் கிடைத்தது, காவிரிக் கரையின் வெக்கையில்.

அந்தக் காட்சியைப் பாடிய பதிகத்தில் பனிச்சிகரத்தைத் தேடினால் கிடைக்காது. யானை தன் பிடியோடு வருகிறது, கோழி பெடையோடு வருகிறது, குயிலும் மயிலும் அன்றிலும் வருகின்றன. நாரையும் வருகிறது. நாளும் கண்ணில் பட்டிருக்கக்கூடிய உயிர்கள்தாம். அவை இணையிணையாக வரக் கண்டதில், இதுவரை காணாததைக் கண்டேன் என்கிறார் அவர். குளத்து நீர் கழுவியது கண்ணை என்று எனக்குத் தோன்றுகிறது. மலை வேண்டாம் என்று இறைவன் சொல்லவில்லை. அந்த நடையில் தேய்ந்த உடம்பு இல்லாமல் திருவையாற்றுக் காட்சியும் இல்லை.

பிள்ளைகளும் ஒருநாள் பனிமலைக்குப் போவார்கள். போகட்டும். நான் நினைத்துக்கொண்டிருப்பது அப்பரின் மறுநாளைப் பற்றி. கயிலையைக் கண்ட பிறகு அவர் திருநெய்த்தானம், திருமழபாடி என்று நடந்து திருப்பூந்துருத்திக்கு வந்து அங்கே ஒரு மடம் அமைத்தார். கையில் பழைய உழவாரமே இருந்தது. பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கி, அடியார்கள் நடக்கும் தரையைத் துப்புரவு செய்யும் வேலையைத் தொடர்ந்து செய்தார்.