பொறையும் மடியும்

மயிலாடுதுறையினின்று தரங்கம்பாடி செல்லும் பெருவழியில் உள்ளது திருக்கடையூர். அயன் இறைவன்பாற் பெற்ற வில்வ வித்து ஒரு முகூர்த்தத்துள் முளைத்த இடம் இஃதெனத் தலவரலாறு கூறும். வில்வமும் எலுமிச்சையும் நாரத்தையும் ஒரே குடும்பத்தனவென மரநூலார் வகுப்பர். ஆயினும், அவ்வூர்க் கொல்லையில் ஒருவர் இடும் எலுமிச்சை வித்து முகூர்த்தத்துள் முளைப்பதில்லை. முளை காண இரண்டு மூன்று வாரமும், முதற்காய் காண நான்கைந்து ஆண்டும் செல்லும். அத்துணைக் காலமும் காத்திருப்பதே பொறையெனப் பலர் கருதுப. அக்கருத்து ஆராயற்பாலது.

கடைமடைக் களிமண் நெல்லுக்கு நன்று, எலுமிச்சைக்கு அன்று. நீர் தேங்கின் அதன் வேர் அழுகும். ஆகலின், கன்றை மேட்டிலே நட்டு, ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னர் வடிகால் வெட்டுதல் வேண்டும். விரைவில் பயன் வேண்டுவோன் நாள்தோறும் நீரைப் பெய்து, அன்பினாலேயே கன்றைக் கொன்றுவிடுகின்றான். மற்றொருவனோ, ‘காலம் வரும்போது காய்க்கும்’ என்று திண்ணையிற் சாய்ந்திருக்கின்றான். இளமையிற் பறவையின் எச்சம் போலவும், முதிர்ந்தபின் இலைபோற் பசுமையாகவும் தோன்றும் புழு, சின்னாளில் அவன் கன்றை மொட்டையாக்கிவிடும். உற்றுநோக்காத கண்ணுக்கு அது புலப்படாது. முன்னவன்பாற் பொறையில்லை என்பது வெளிப்படை, பின்னவன்பாலும் அஃதில்லை. அவன்பால் உள்ளது பொறையின் ஆடையை உடுத்த மடி.

அற்றேல், புழுவைக் கொல்லாது விடுதல் சீவகாருணியமன்றோ எனின், கொல்லாமை நன்றே. அப்புழு வில்வத்தின் இலையையும் உண்ணும். நாள்தோறும் காலையில் அதனை எடுத்து முதிய வில்வ மரத்தில் விடுவார்க்குக் கொலையுமில்லை, கன்றின் இழப்புமில்லை. மரத்துக்குச் சில இலையின் இழப்பு பொருட்டன்று. இவ்வுழைப்புக்கு அஞ்சுவோர் காருணியத்தின் பெயரைச் சொல்லுதல் தகாது.

இனி, இதனினும் அரியதொன்று உளது. மரம் தழைத்தும் பூவாதிருக்கும்போது, தோட்டங்கண்டார் மழையில்லாக் காலத்திற் சில வாரம் நீரை நிறுத்துவர். இலை வாடும். பிள்ளைபோல் வளர்த்தார்க்கு அதனைக் காண்டல் எளிதன்று. பின்னர் நீர் பெற்ற மரம் அரும்பெடுக்கும். நீர் விடுதலும் நிறுத்தலும் ஒரே அன்பின் இரு செயல்கள். அறக்கருணை, மறக்கருணை எனச் சித்தாந்திகள் கூறுவதற்கும், மலம் பரிபாகமுறத் திரோதான சத்தி மறைந்து நின்று தொழிற்படுத்துதற்கும் இது சிறியதோர் ஒப்பு. ஒப்பு முழுதும் பொருந்தாது: தோட்டக்காரன் அளவு தவறுதல் கூடும், இறைவன் தவறான்.

பக்குவம் அருளால் வருவதாயின் சரியை முதலியன எற்றுக்கு என்னும் வினா இவ்விடத்தே எழும். மாங்காயைப் புகைமூட்டிப் பழுக்க வைப்பர்; வாழைத்தாரையும் அங்ஙனமே. எலுமிச்சையும் நாரத்தையும் பறித்தபின் சுவை முதிர்வதில்லை. எத்துணை முயன்றும் புறத்திருந்து அதனை ஊட்டல் இயலாது. எனினும், மேடு கட்டாதவன் கொல்லையில் முதிர்தற்குக் காயே இராது. திருக்களிற்றுப்படியார் அருளிய உய்யவந்ததேவ நாயனார் இவ்வூரினர். சிவதன்மத்தை மெல்வினை, வல்வினை எனப் பகுப்பது அந்நூல். வல்வினை அரியார் சிலர்க்கே கைகூடும். நாட்காலையிற் புழுவெடுப்பதும் நீரளப்பதும் மெல்வினையின் பாங்கின. யாவர்க்கும் ஆவன, ஆயினும் ஒருநாளும் விடற்பாலன அல்ல.

காலனை உதைத்த பெருமான் திருமுன்னர் அறுபதாண்டு நிறைவு விழாச் செய்துகொள்வார் பலர் இவ்வூர்க்கு வருகின்றனர். ஆயுளை வேண்டுதல் பிழையன்று. அவருள் ஒருவர் இல்லந் திரும்பி ஒரு நாரத்தைக் கன்றை நடுவாராயின், அதன் காயை அவரே உப்பிலிடுவாரோ, பேரர் இடுவரோ, யாரறிவார்? அதன் பொருட்டு மேட்டின் உயரத்தை அவர் ஒரு சாணும் குறைப்பதில்லை.