பெயரை மாற்றினால் பொறுப்பு மாறுமா?

 



சென்ற வாரம் இஷாத் தொழுகைக்குப் பின்னர், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் என்னிடம் ஒரு விளக்கம் கேட்டார். அவருடைய கடையிலிருந்து வீடுகளுக்குப் பார்சல் பட்டுவாடா செய்ய 5 டிரைவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். "ஹஜ்ரத், இவர்களை ஆள் கணக்கிலிருந்து நீக்கி, கண்டிராக்டர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளும்படி கணக்கர் யோசனை சொல்லுகிறார். சேமநிதிக்கு நான் போடும் 17 சதவிகிதமும் மிச்சம், லீவுச் சம்பளமும் மிச்சம் என்கிறார். மார்க்கத்தில் இது கூடுமா?" என்று கேட்டார்.

இலாபம் வருமா என்று மட்டும் கேட்காமல், கூடுமா என்று கேட்டாரே, அந்த மனத்தை அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்கும் சொல்லுவது நலம் என்று எண்ணுகிறேன்.

இது புதிய கேள்வியன்று. நம் ஃபிக்ஹு மேதைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கூலியாளை இரு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒருவர் 'அஜீர் காஸ்' எனப்படும் தனிக் கூலியாள். மற்றவர் 'அஜீர் முஷ்தரக்' எனப்படும் பொதுக் கூலியாள். தனிக் கூலியாள் தம் நேரத்தை ஒருவருக்கே கொடுத்துவிட்டவர். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் காவற்காரரைப் போன்றவர். அவர் வேலைக்கு வந்து ஆயத்தமாக நின்றுவிட்டால், முதலாளியிடம் அன்று வேலை இல்லாவிட்டாலும் கூலி கடமையாகிவிடும். அவருடைய கவனக் குறைவு இல்லாமல் கையிலிருந்த பொருள் கெட்டுப்போனால் ஈடு கேட்கலாகாது. பொதுக் கூலியாளோ தையற்காரரைப் போன்றவர். கடை அவருடையது, ஊசியும் மிஷினும் அவருடையவை. யாருடைய துணியையும் வாங்குவார், வேண்டாம் என்றும் சொல்லுவார், கூலியும் பேசுவார். சட்டையைத் தைத்துக் கொடுத்தால்தான் அவருக்குக் காசு.

இந்த இரண்டு முறையும் ஹலாலானவையே. சொந்த வேன் வைத்துக்கொண்டு, நாலு கடைகளுக்குப் பார்சல் எடுத்து, தம் கூலியைத் தாமே பேசிக்கொள்ளும் டிரைவரைக் கண்டிராக்டர் என்று அழைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அந்தச் சுதந்திரத்தை விரும்புவோர் நம் வாலிபர்களிலும் உண்டு. குற்றம் எங்கே பிறக்கிறது? தனிக் கூலியாளைப் போல் ஒருவரை நாள் முழுவதும் கட்டிவைத்துக்கொண்டு, கூலி கொடுக்கும் வேளையில் மட்டும் 'நீ பொதுக் கூலியாள்' என்று சொல்லுகிறோமே, அங்கேதான் பிறக்கிறது. இரண்டு முறையின் இலாபமும் முதலாளிக்கு, இரண்டு முறையின் சுமையும் தொழிலாளிக்கு என்பது நீதியாகுமா?

இதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்று நல்ல சான்று. அங்கே பார்சல் தொழிலில் இரண்டு பெரிய கம்பெனிகள் உண்டு. 1907-ல் தொடங்கிய யூ.பி.எஸ். கம்பெனி தன் டிரைவர்களைச் சம்பளத் தொழிலாளிகளாகவே வைத்திருக்கிறது. அவர்கள் டீம்ஸ்டர்ஸ் என்னும் தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்கள். ஃபெடெக்ஸ் கிரவுண்டு கம்பெனியோ தன் டிரைவர்களைக் கண்டிராக்டர்கள் என்று எழுதி வாங்கியிருந்தது. வண்டி வாங்குவது டிரைவர் பணம். பெட்ரோல், டயர், ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எல்லாம் அவர் தலையில். ஆனால் வண்டிக்கு என்ன வெள்ளை நிறம் பூச வேண்டும், உள்ளே தட்டு எந்த அளவில் இருக்க வேண்டும், டிரைவர் எந்த உடுப்பு உடுத்த வேண்டும் என்பதெல்லாம் கம்பெனியின் கட்டளை. எந்தப் பார்சல் எந்த நாளில் யாரிடம் சேர வேண்டும் என்பதும் அதன் கட்டளையே.

கலிபோர்னியா டிரைவர்கள் தொடுத்த வழக்கில் 2014-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் இவர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்பளித்தது. அந்த நீதிபதிகளில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன் சொன்னதாக வழங்கும் ஒரு விகடத்தை நினைவூட்டினார். வாலையும் கால் என்று அழைத்தால் நாய்க்கு எத்தனை கால்கள் என்று லிங்கன் கேட்டாராம். நாலுதான், அழைப்பதால் வால் காலாகிவிடாது என்று அவரே பதிலும் சொன்னாராம். அடுத்த ஆண்டு, 2015-ல், 22 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கம்பெனி இணங்கிற்று.

சகோதரர்களே! இந்த நியாயம் நமக்குப் புதிதா? ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது அதன் நோக்கத்தையும் கருத்தையுமே, வெறும் சொற்களை அல்ல என்பது ஃபிக்ஹின் பழைய விதியல்லவா?

நம் முன்னோரின் கதையையும் மறந்துவிடக் கூடாது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களில் பலர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். கண்டிராக்டர் முறையின் கசப்பை அவர்கள் அறிவார்கள். கால் முறிந்து கிடப்பவனைக் கப்பற்காரரும் 'என் ஆளல்ல' என்பார், துறைமுகத்தாரும் 'என் ஆளல்ல' என்பார் என்றால், அவன் யாரிடம் போவான்? அந்தச் சுமைகூலிகளின் பேரர்கள் இன்று முதலாளிகளாக இருக்கும்போது, அதே வார்த்தை நம் வாயிலிருந்து வரலாமா?

இன்று மோட்டார் சைக்கிளில் உணவும் பார்சலும் கொண்டு போகும் பிள்ளைகளுக்காகச் சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் 2024-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. இணையத்தள நிறுவனங்களின் கீழ் ஓடும் டிரைவர்களும் பட்டுவாடாக்காரர்களும் 2025 ஜனவரி 1 முதல் தொழிலாளிக்கும் சுயதொழிலாளருக்கும் நடுவே ஒரு தனி வகையாக ஏற்கப்பட்டிருக்கிறார்கள். வேலையில் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு உண்டு. 1995-ஆம் ஆண்டு முதல் பிறந்தவர்களுக்குச் சேமநிதி உயர்வும் கட்டாயம். மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம். அவர்கள் சார்பில் பேசச் சங்கத்துக்கும் உரிமை உண்டு. மலேசியாவும் 2025-ல் இத்தகைய தொழிலாளர்களுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

ஆனால் முஃமினானவன் சட்டம் வந்து பிடிக்கும்வரை காத்திருப்பவன் அல்லன். ஆகவே அந்த வியாபாரியிடம் சில கேள்விகளைக் கேட்டேன். வேன் யாருடையது? நேரத்தை நிர்ணயிப்பவர் யார்? ஒரு நாள் வர இயலாது என்று டிரைவர் சொன்னால் தண்டனை உண்டா? பக்கத்துக் கடைப் பார்சலையும் அவர் எடுக்கலாமா? கூலியை அவர் பேசினாரா, நீங்கள் சொன்னீர்களா? அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "வேன் என்னுடையது, நேரமும் என்னுடையது, ஹஜ்ரத்" என்றார். அப்படியானால் பொறுப்பும் உங்களுடையதே என்றேன்.

டிரைவர்ச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையிலிருக்கும் பார்சல் அமானத். வீட்டில் ஆள் இல்லாதபோது வாசலில் எறிந்துவிட்டு, கொடுத்துவிட்டதாகக் குறித்துக்கொள்வதும் கியானத்தே. படித்துப் பார்க்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தியபோது, 8 ஆண்டுகள் கடமை, 10 ஆக்குவது உங்கள் விருப்பம் என்று தெளிவாகப் பேசி, உங்களுக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்ற கருத்தையும் சொன்னதாகத் திருமறை அறிவிக்கிறது. தவணையும் தெளிவு, கூலியும் தெளிவு.

இறுதியாக, குகையில் அடைபட்ட மூவரின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர், கூலியை வாங்காமலே போய்விட்ட தொழிலாளியின் பங்கைத் தொழிலில் போட்டுப் பெருக்கி வைத்தார். நெடுநாள் கழித்து அவன் வந்து கேட்டபோது, ஒட்டகமும் மாடும் ஆடுமாக அத்தனையையும் கொடுத்தார். ஒன்றையும் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அந்த அமலை முன்வைத்து துஆக் கேட்டபோது பாறை விலகிற்று. தொழிலாளியின் நாளைக்காக அவன் பங்கைப் பெருக்கி வைத்ததுதான் அந்த முதலாளியைக் காத்தது. நாமோ அவனுக்குச் சேர வேண்டிய சேமநிதியைக் காகிதத்தில் ஒரு பெயரை மாற்றி மிச்சப்படுத்தப் பார்க்கிறோம்! வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்குக் கியாமத்து நாளில் அல்லாஹ்வே எதிர்வழக்காடுவான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த வழக்கில் எந்தக் கணக்கர் நமக்காகப் பேசுவார்?

அந்த வியாபாரி தம் 5 டிரைவர்களையும் ஆள் கணக்கிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சென்றார். அவருடைய வியாபாரத்திலும், நம் அனைவருடைய ரிஸ்க்கிலும் அல்லாஹு தஆலா பரக்கத்தைச் சொரிவானாக! பிறர் வியர்வையால் வந்த ஹக் ஒன்றும் நம் கழுத்தில் கடனாகத் தொங்காத நிலையில் நம்மை மௌத்தாக்குவானாக! ஆமீன்.