ஆயத்தமில்லாச் சொல்லுக்கு யார் பொறுப்பு?

மனிதன் தன் நாவினால் பிறரைப் புண்படுத்திவிட்டுத் தப்பிச் செல்வதற்கென இரண்டு வாயில்களைத் திறந்து வைத்திருக்கின்றான். "யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது" என்பது ஒன்று. "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்பது மற்றொன்று. முன்னது, சொல்லுக்கு ஆயத்தம் இல்லாதபோது பொறுப்பும் இல்லை என வாதாடுகின்றது. பின்னது, சொல்லில் மெய்யான கருத்து இல்லாதபோது குற்றமும் இல்லை என வாதாடுகின்றது. உலகம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டு சமாதானமாகிவிடுகின்றது. இவை ஏற்கத்தக்க வாதங்கள்தாமா?

இதனை ஆராய, ஆயத்தமின்மையும் விளையாட்டும் ஒருங்கே கூடிய ஒரு மேடைக்கலை நமக்குத் துணை செய்யும். 'இம்ப்ரொவிசேஷன்' என மேனாட்டார் வழங்கும் அக்கலையில் எழுதிய நாடகம் கிடையாது; மனனம் செய்த வசனம் கிடையாது. "ஓர் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள், ஓர் உறவின் பெயரைச் சொல்லுங்கள்" என அவையோரிடம் கேட்டுப் பெற்று, அக்கணமே இருவரோ நால்வரோ மேடையேறி, வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் காட்சி ஒன்றை நிகழ்த்திக் காட்டுவர். வியப்பு என்னவெனில், இதற்கென்றே பயிற்சிப் பட்டறைகள் இருக்கின்றன. மக்கள் மாதக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பயில்கின்றனர். முன்கூட்டி ஆயத்தம் செய்ய இயலாத ஒன்றுக்குப் பயிற்சி எங்ஙனம் அமையும்? அவ்வினாவின் விடையிலேயே நம் வினாவின் விடையும் அடங்கியுள்ளது.

விளையாட்டில் பிறந்த பாடம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு பெண்மணிகள் 'ஹல் ஹவுஸ்' என்ற சேவை இல்லத்தை நிறுவினர். பிழைப்புத் தேடிப் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் குடும்பங்களிடையே அது பணியாற்றியது. அங்கே நெவா பாய்ட் என்னும் ஆசிரியை, பிள்ளைகள் கூடி வாழப் பழகுவதற்கு விளையாட்டே சிறந்த கருவி எனக் கண்டு, குழு விளையாட்டுகளைக் கற்பித்து வந்தார். 1920களில் அவரிடம் பயின்றவர் வயோலா ஸ்போலின் (1906–1994). பிற்காலத்தில் அரசாங்க வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் நாடகப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பயில வந்தவர்களோ பல மொழியினர், பல பழக்கவழக்கங்களை உடையவர்கள். அவர்களுக்கு நாடக இலக்கணம் போதிப்பதை விடுத்து, விளையாட்டுகளை ஆக்கிக் கொடுத்தார் ஸ்போலின்.

அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே காண்போம். முதலாவது கண்ணாடி விளையாட்டு. இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடி உருவம்போல் அப்படியே செய்தல் வேண்டும். இடையிடையே ஆசிரியர் "மாறுக" என்பார், பின்பற்றியவர் முன்னடத்துவார். இங்ஙனம் மாறி மாறிச் செய்யுங்கால், யார் நடத்துகின்றார், யார் பின்பற்றுகின்றார் என்பது அவ்விருவருக்கே விளங்காத ஒரு நிலை வரும். இரண்டாவது, பொருளற்ற ஒலிகளை மட்டுமே கொண்டு பேசுவது. கேட்பவர் விளங்கிக்கொண்டாரா என்பதை அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்துத்தான் அறிய முடியும். இத்தகைய விளையாட்டுகள் 200க்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்து அவர் 1963இல் நூலாக வெளியிட்டார். அவருடைய மகன் பால் சில்ஸ், நண்பர்களுடன் கூடி 1955இல் 'காம்பஸ்' என்னும் குழுவையும், 1959இல் 'செகண்ட் சிட்டி' என்னும் அரங்கையும் சிகாகோவில் தொடங்கியபோது, தாயின் விளையாட்டுகளே அவற்றுக்கு அடித்தளமாயின.

இவ்விளையாட்டுகளில் சிரிக்கவைக்கும் வித்தை எங்கே இருக்கின்றது? எங்கும் இல்லை. எதிரில் நிற்பவரைப் பார். அவர் சொல்வதைக் கேள். உன்னைக் காட்டிக்கொள்ளத் துடிக்காதே — கற்பிக்கப்படுவது இதுவே.

1957ஆம் ஆண்டு காம்பஸ் குழுவின் செயின்ட் லூயிஸ் நகரக் கிளையில் இருந்த எலெய்ன் மே, தியோடர் ஃப்ளிக்கர் ஆகியோர், தாங்கள் தங்கியிருந்த வீட்டின் சமையலறையில் அமர்ந்து இக்கலைக்குச் சில விதிகளை வகுத்தனர். அவற்றுள் தலையாயது, உடன் நடிப்பவர் நிறுவியதை மறுக்கலாகாது என்பது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவர் மேடைக்கு வந்து, "வாப்பா, கப்பல் புறப்பட்டுவிட்டதே!" என்கின்றார். மற்றவர், "நான் உன் வாப்பா இல்லை, இங்கே கப்பலும் இல்லை" என்றால் அவையில் ஒரு சிரிப்பு எழும். ஆனால் அதனோடு கதை மாண்டுவிடும். முதலில் பேசியவர் பேதையாக நிற்பார். அவ்வாறன்றி, "ஆம் மகனே, உன் உம்மாவை வழியனுப்ப வந்து, அவள் கைப்பெட்டியை நம்மிடமே வைத்துக்கொண்டோமே!" என்றால், இருவரும் ஓர் உலகத்தில் குடியேறிவிடுகின்றனர். பிற்காலத்தார் இவ்விதியை 'ஆம், மேலும்' என்னும் இரண்டே சொற்களில் அடக்கினர். தனக்கு மட்டும் கிடைக்கும் சிரிப்புக்காக உடனிருப்பவரை விலையாகக் கொடுப்பவன் இக்கலையில் தேர்ந்தவனாகக் கருதப்படுவதில்லை.

கயிறின்றி இறங்குதல்

உடனுக்குடன் புனைந்துரைக்கும் ஆற்றலை அரபுப் புலவர்கள் பெரிதும் போற்றினர். 11ஆம் நூற்றாண்டில் கைரவான் நகரோடு பெயர் இணைந்து விளங்கிய இப்னு ரஷீக் என்னும் அறிஞர், 'அல்-உம்தா' என்னும் தம் கவிதையியல் நூலில், இவ்வாற்றலை 'பதீஹா' என்றும் 'இர்த்திஜால்' என்றும் இருவகையாகப் பிரிக்கின்றார். பதீஹாவில் சிறிது சிந்தனைக்கு இடமுண்டு. இர்த்திஜாலோ தங்குதடையின்றிப் பொழிவது. அச்சொல்லின் பிறப்புக்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று நம் கருத்தைக் கவர்கின்றது: கயிற்றின் துணையின்றிக் கால்களாலேயே கிணற்றில் இறங்குதலாம் அது.

கயிறின்றி இறங்குபவனுக்கு எது துணை? அவன் கால்களே துணை. அக்கால்களின் உறுதி கிணற்றோரத்தில் வந்து நின்ற பின்னர்ப் பிறந்ததன்று. அதற்கு முன் பல்லாண்டுகள் நடந்தும் ஏறியும் இறங்கியும் பெற்றதாகும். நம் தமிழிலும் ஆசுகவி பாடுவோர் யாப்பிலும் நிகண்டிலும் ஊறித் திளைத்த பின்னரே அடியெடுத்துக் கொடுத்தவுடன் பாடும் வல்லமை பெற்றனர். ஆகவே 'ஆயத்தமில்லாச் சொல்' என நாம் கூறுவது ஒரு பாதி உண்மையே. அந்தச் சொல்லுக்கு ஆயத்தம் இல்லாமல் இருக்கலாம். சொன்னவனுக்கு வாழ்நாள் முழுவதும் ஆயத்தம் நடந்துகொண்டே இருந்திருக்கின்றது.

வெளிக்காவல் எட்டாத இடம்

இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியும் இங்கே கருதத்தக்கது. அந்நாட்டில் 1737ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேடையேறும் புதிய நாடகத்தின் பிரதியை 'லார்டு சேம்பர்லைன்' என்னும் அரண்மனை அதிகாரியிடம் முன்கூட்டியே காட்டி அனுமதி பெறுதல் வேண்டும். 1960களில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் நாடக வகுப்புகள் நடத்திய கீத் ஜான்ஸ்டன் (1933–2023), தம் மாணவர்களைக் கொண்டு ஒத்திகையற்ற நகைச்சுவையைப் பொதுமக்கள் முன் நிகழ்த்த விரும்பினார். பிரதியே இல்லாத நாடகத்தை அதிகாரி எவ்வாறு படித்துப் பார்ப்பார்? ஆகவே அதனை வகுப்புச் செயல்விளக்கம் என்ற பெயரில் நடத்திக் காட்டினார். 1968இல் புதிய சட்டம் அத்தணிக்கையையே ஒழித்துவிட்டது.

எழுதிய சொல்லுக்கு வெளியிலிருந்து காவல் போட முடியும். நாவின் நுனியில் அப்பொழுதே பிறக்கும் சொல்லுக்கு அதனைச் சொல்பவனைத் தவிர வேறு காவலன் இல்லை. அங்கே பொறுப்பு குறைகின்றதா, கூடுகின்றதா? கூடுகின்றது என்பதே நேர்மையான விடையாகும்.

எனினும் ஜான்ஸ்டனின் கருத்து ஒன்று இவ்விடத்தில் நமக்கு எதிராக நிற்கின்றது. பின்னர்க் கனடாவுக்குச் சென்று, கால்கரி நகரில் 1977இல் 'லூஸ் மூஸ்' என்னும் அரங்கை நிறுவக் காரணராயிருந்த அவர், 1979இல் வெளியிட்ட நூலில் தம் கற்பிக்கும் முறையை விளக்கினார். சாமர்த்தியம் காட்ட முயலாதே. உனக்குத் தெளிவாகத் தோன்றும் முதல் எண்ணத்தையே சொல் என்பது அவர் போதனை. பிறர் என்ன நினைப்பரோ என்னும் அச்சம் பிள்ளைகளின் கற்பனையை உலர்த்திவிடுகின்றது என்றும், மாணவன் தவறினால் அதன் பழியை ஆசிரியனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அவர் கருதினார். பிரம்பையும் ஏளனத்தையும் கொண்டு பாடம் நடத்தப்பட்ட வகுப்பறைகளைக் கண்டவர்கள் இக்கருத்தின் அருமையை உணர்வர். தவறு செய்ய அஞ்சும் பிள்ளை வாய் திறப்பதில்லை. வாய் திறவாத பிள்ளை கற்பதுமில்லை.

ஆனால் மனத்தில் முதலில் தோன்றும் எண்ணமே நஞ்சாக இருந்தால் என் செய்வது? அதையும் தடையின்றிச் சொல்லலாமா? எண்ணம் தோன்றுவது குற்றமன்று என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதனைச் சொல்லாக்கிப் பிறர்மேல் வீசும்போதுதான் அறத்தின் வினா எழுகின்றது. கற்பனையில் தடுமாறுவது கலைத்தவறு. அதனை உடன் நடிப்பவர் ஏற்றுத் திருத்திக்கொள்வார். ஒரு மனிதனின் மானத்தைக் குலைப்பது வேறு வகைத் தவறு. அதனை எந்த மேடைச் சாமர்த்தியமும் திருத்த இயலாது.

எளிதில் கிடைக்கும் சிரிப்பு

மிக விரைவாகக் கிடைக்கும் சிரிப்பு பெரும்பாலும் எளியவரின் முதுகின் மீதே கிடைக்கின்றது. அயலாரின் பேச்சொலி, ஒருவரின் தோல்நிறம், ஊனமுற்றவரின் நடை ஆகியவை நினைத்தவுடன் கைக்கு எட்டுவன. சிந்திக்க நேரமில்லாத மேடையில் கை அவற்றை நோக்கியே நீளும். அவையோர் கூவிச் சொல்லும் சொல்லிலும் சில வேளை அந்த நஞ்சு கலந்திருக்கும். இது கற்பனை அச்சமன்று. 'ஆம்' என ஏற்பதைப் போதித்த செகண்ட் சிட்டி நிறுவனத்திலேயே, தாங்கள் இனப் பாகுபாட்டுக்கு ஆளானதாகக் கறுப்பினக் கலைஞர்கள் வெளிப்படையாகக் கூறினர். நிறவெறிக்கு எதிரான சூழலை உருவாக்கத் தாம் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டு, அதன் தலைமை நிர்வாகி 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதவி விலகினார். மேடையில் ஏற்கும் பண்பு, மேடைக்குப் பின்னால் தானாகவே வந்துவிடாது என்பதற்கு இது சான்று.

'ஆம், மேலும்' என்னும் விதிக்கும் எல்லை உண்டு. கதையை ஏற்பது வேறு. தன்னை இழிவுபடுத்துவதை ஏற்பது வேறு. உடன் நடிப்பவர், குறிப்பாகப் பெண்கள், விதியின் பெயரால் விருப்பமற்ற தீண்டலையும் இழிவான பாத்திரங்களையும் சகித்துக்கொள்ள நேர்ந்ததுண்டு. ஆகவேதான் இன்று பல பட்டறைகளில், எவ்வெவை கூடாதென முன்னரே பேசி உறுதிசெய்துகொள்கின்றனர். மனம் ஒப்பாதபோது யாரும் காட்சியை நிறுத்தலாம் எனவும் வைத்துள்ளனர்.

விளையாட்டில் அறவே கொடுமை பேசக்கூடாது என்றும் நாம் கூறவில்லை. கஞ்சனாக நடிப்பவன் கஞ்சன் ஆகான். அவன் பேசும் கஞ்சச் சொற்கள் கஞ்சத்தனத்தையே நகைக்கின்றன. நடிப்பவரும் காண்பவரும் அது கதையென அறிந்திருப்பதால் அதில் பொய்யும் இல்லை. ஆயின், யாரை வைத்துச் சிரிக்கின்றோமோ அவரே எதிரில் அமர்ந்திருந்து, மறுமொழி கூற இயலாதவராயும் இருப்பின், அங்கே கதை முடிந்துவிடுகின்றது. கதை கற்பனையாயினும் அவர் நெஞ்சில் ஏற்பட்ட காயம் மெய்யானது.

நம்மில் பெரும்பாலோர் நாடக மேடை ஏறப்போவதில்லை. ஆயினும் நாள்தோறும் ஒத்திகையின்றி உரையாடி வருகின்றோம். சோற்றுத் தட்டைச் சுற்றி அமர்ந்திருக்கும்போதும், கல்யாண வீட்டுக் கூடத்திலும் பேசப்படும் சொல் எதுவும் எழுதிவைத்துப் படிக்கப்படுவதன்று. மகளின் நிறத்தைப் பற்றியும், மருமகள் பிறந்த வீட்டைப் பற்றியும், படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பற்றியும் சிரித்துக்கொண்டே வீசப்படும் சொற்கள், சொன்னவர் மறந்து இருபதாண்டுகள் கழிந்த பின்னும் கேட்டவர் மனத்தில் இருந்துகொண்டிருக்கும். "யோசிக்காமல் வந்துவிட்டது" என்பது அதற்கு மன்னிப்பாகாது. யோசித்து வந்த சொல்லில் நடிப்புக் கலந்திருக்கலாம். யோசிக்காமல் வந்ததே நெஞ்சில் எது நிரம்பியிருக்கின்றது என்பதைக் காட்டிக் கொடுக்கின்றது.

ஆகவே, அச்சொல்லைச் சொன்னவர் செய்யவேண்டிய முதற்பணி, "விளையாட்டுக்குச் சொன்னேன்" என விளக்கம் கூறுவதன்று. புண்பட்டவரிடம் வருத்தம் தெரிவிப்பதே. அடுத்த பணி நீண்டது. சிகாகோவின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்போலின் கற்பித்ததுபோல, எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்க்கவும் அவர் பேசி முடிக்கும்வரை கேட்கவும் நாமும் நம் பிள்ளைகளும் வீட்டிலேயே பழகுதல் வேண்டும். அப்பழக்கம் ஊறிய நெஞ்சிலிருந்து நினையாமல் வரும் சொல்லும், வீட்டார் எல்லோரும் சேர்ந்து சிரிக்கக்கூடிய சொல்லாக இருக்கும்.