கமிட் ஆயிடுச்சா?

சில வருடங்களுக்கு முன் ஒரு டேட்டாபேஸ் கிளையன்ட் லைப்ரரி எழுதினேன். (நூலகம் என்று தமிழ்ப்படுத்தினால் யாராவது புத்தகம் கேட்டு வந்துவிடுவார்கள், லைப்ரரியாகவே இருக்கட்டும்.) அப்ளிகேஷனுக்கும் போஸ்ட்கிரெஸ் சர்வருக்கும் நடுவில் நின்று, இங்கே சொன்னதை அங்கே கொண்டுபோய், அங்கே சொன்னதை இங்கே கொண்டுவரும் ஆள் அது. புழக்கத்தில் இருந்தவை எங்கள் வேலைக்குக் கனமாகத் தோன்றின. லேசா, வேகமா நானே ஒண்ணு எழுதுறேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் திமிர்தான்.

போஸ்ட்கிரெஸ் பேசும் மொழி எளிமையானது. இணைப்பைத் தொடங்கும்போது போகிற செய்திகளைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு பைட்டில் ஓர் எழுத்து, அடுத்த நான்கு பைட்டில் நீளம், பிறகு சரக்கு. 2003இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. இதை வேகமாகப் படிப்பது என்பது பெரும்பாலும் எதையெல்லாம் படிக்காமல் விடலாம் என்று கண்டுபிடிப்பதுதான். 'சி' என்ற எழுத்து வந்தால் சொன்ன வேலை முடிந்தது என்று அர்த்தம். அதன் பின்னால் ஒரு சொல் வரும். அதை எதற்குப் படிப்பானேன் என்று தாண்டிவிட்டேன்.

விஷயம் அந்தச் சொல்லில்தான் இருந்தது. நடுவில் பிழை வந்து கெட்டுப்போன டிரான்சாக்‌ஷனுக்கு 'கமிட்' அனுப்பினால் போஸ்ட்கிரெஸ் சண்டைக்கு வராது. அதே 'சி'யை அனுப்பும். பின்னால் 'ரோல்பேக்' என்று எழுதியிருக்கும். நீ சொன்னதைச் செய்யவில்லை, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டேன் என்கிறது. என் லைப்ரரி அதை வெற்றி என்று மேலே சொல்லிக்கொண்டிருந்தது. நல்லவேளை, டெஸ்டிலேயே சிக்கியது. சர்வர் உண்மையைச் சொல்லியும் நான் காது கொடுக்காத தப்பு அது. திருத்த ஒரு மணிநேரம் ஆனது.

இன்னொன்று அப்படித் தீரவில்லை. கமிட் அனுப்பியாயிற்று, பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. கமிட் சர்வருக்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். அல்லது போய்ச் சேர்ந்து, வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இந்தப் பக்கம் நிற்பவனுக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். நான் என்ன செய்தேன் என்றால், மறுபடி இணைத்து டிரான்சாக்‌ஷன் முழுவதையும் திரும்ப ஓட்டினேன். லைப்ரரியைப் பயன்படுத்துகிறவருக்குத் தொல்லை வேண்டாமே என்ற நல்லெண்ணம்.

அது தவணை வசூல் மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். "தம்பி, ஒரே தவணை ரெண்டு வாட்டி ஏறியிருக்கு. அந்தம்மாகிட்ட கடன் முடிஞ்சிருச்சுன்னு சொல்லி அனுப்பிட்டோம்." இன்னும் ஒரு தவணை பாக்கி இருந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கடன் தீர்ந்தது என்று வீடு போய்ச் சேர்ந்தவருக்கு அந்த போன் எப்படிக் கேட்டிருக்கும்? ஏமாற்றுகிறார்கள் என்று அவர் நினைத்திருந்தால் தப்பே இல்லை.

இந்தச் சிக்கலுக்கு 'இரண்டு தளபதிகள்' என்று பெயர். பள்ளத்தாக்கின் இரு பக்கமும் இருக்கிற தளபதிகள் ஒரே நேரத்தில் தாக்க வேண்டும்; தூதன் வழியில் பிடிபடலாம். எத்தனை தூதர்களை அனுப்பினாலும், கடைசியாகப் போனவன் சேர்ந்தானா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. 1978இல் இதற்கு அந்தப் பெயரை வைத்தவர் ஜிம் கிரே. டிரான்சாக்‌ஷன் பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அவர் போட்ட பாதை. 1998இல் டூரிங் விருது வாங்கினார். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் இந்த மௌனத்தை லைப்ரரியால் ஒழிக்க முடியாது. அப்படியானால் அது சொல்ல வேண்டிய நேர்மையான பதில் ஒன்றுதான்: தெரியாது.

சக ஊழியர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தெரியாதுன்னு கைய விரிக்கிறதுக்கு எதுக்குப்பா ஒரு லைப்ரரி? லேசா இருக்குன்னு நீ சொல்ற, அந்த பாரத்த எங்க தலையில இறக்கி வச்சிருக்க." இந்தக் கேள்விதான் என்னை அதிகம் படுத்தியது. அவர் சொன்னது பாதிக்கு மேல் சரி. தெரியாது என்று சொல்லிவிட்டு நழுவுவதற்கும், தெரிந்துகொள்ள வழி வைத்துவிட்டுச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2017இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10இலேயே அந்த வழி உண்டு: டிரான்சாக்‌ஷனின் எண்ணைக் கொடுத்து, அது என்ன ஆயிற்று என்று பிறகு சர்வரிடம் கேட்கலாம். ஆனால் அந்த எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். எப்போதோ ஒருமுறை அறுகிற இணைப்புக்காக ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கூடுதல். சேர்த்தேன். நான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த வேக வரைபடத்தில் கோடு இறங்கியது. அப்படியும் சில நேரம், பழைய இணைப்பு அறுந்தது சர்வருக்கே தெரிந்திராது. 'இன்னும் நடந்துகொண்டிருக்கிறது' என்று பதில் வரும். காத்திருக்க வேண்டியதுதான்.

2007 ஜனவரி 28 அன்று ஜிம் கிரே தன் பாய்மரப் படகில் தனியாக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலோன் தீவுகளுக்குப் போனார், அம்மாவின் அஸ்தியைக் கரைக்க. திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடியது. செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கானோர் துண்டு துண்டாக உட்கார்ந்து பார்த்தார்கள். படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பெர்க்லியில் நண்பர்கள் அவருக்காகக் கூடியபோது, அதை அஞ்சலிக் கூட்டம் என்று சொல்லாமல் பாராட்டுக் கூட்டம் என்றார்கள். அவர் அப்போது காணாமல் போனவர் மட்டுமே. இறந்தார் என்று சட்டப்படி முடிவானது 2012இல்.

இப்போது எங்கள் வசூல் கவுன்டர் திரையில் பச்சை, சிவப்போடு மூன்றாவதாக ஒரு நிறமும் உண்டு. 'உறுதியாகவில்லை' என்று வரும். யாருக்கும் அது பிடிக்கவில்லை. வரிசை நின்றுபோகிறது, ஜனங்கள் முறைக்கிறார்கள். போன வாரம்கூட அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, மஞ்சள்ல நிக்குது. பெரியவர் ஒருத்தர், வெயில்ல வந்திருக்காரு. தண்ணி குடுத்து உக்கார வச்சிருக்கேன். சீக்கிரம் பாரு."