சத்து மாத்திரையும் வியாபாரியின் அமானிதமும்

 

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்று வியாபாரி சொன்னார். ஈரத்தை மேலே, வாங்குபவர் கண்ணில் படும்படி வைத்திருக்கலாகாதா என்று நாயகம் அவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுகிறவனைத் தம் கூட்டத்தாரில் சேர்க்கவுமில்லை.

குவியலில் கையை விடலாம். மூடி முத்திரையிட்ட புட்டிக்குள் எப்படி விடுவது? விற்கும் நமக்கே உள்ளே இருப்பது தெரியாதே! ஆகையால்தான் சர்க்கார் சட்டம் வைத்திருக்கிறது. மலேசியாவில் 1984-ஆம் வருட மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, சத்து மாத்திரையோ, ஜாமுவோ, மாஜூனோ பதிவாகாமல் விற்பனைக்கு வரக் கூடாது. பதிவானதன் அடையாளம் "மால்" என்று தொடங்கும் எண். எட்டு இலக்கங்களுக்குப் பின் "டி" என்றிருந்தால் பாரம்பரிய மருந்து, "என்" என்றிருந்தால் சத்துப் பொருள். ஈயம், பாதரசம் போன்ற நஞ்சுகள் அளவு மீறியிருக்கின்றனவா என்று சோதித்த பிறகே இந்த எண் கிடைக்கும்.

சென்ற மாதம் ஒரு ஏஜெண்டு என் கடை மேசைமேல் ஒரு பெட்டி மூட்டுவலி மாஜூனை வைத்தார். எண் இல்லை. "நானா, விண்ணப்பம் போட்டாச்சு, நம்பர் வந்துடும். ஒரே நாள்ல வலி போயிடும், நீங்களே பாருங்க" என்றார். லாபமும் மூன்று மடங்காம். ஒரே நாளில் வலி போகுமென்றாரே, அந்தப் பேச்சுத்தான் என்னைப் பயமுறுத்தியது. வேரும் பட்டையும் அவ்வளவு வேகமாய் வேலை செய்வதில்லை. இத்தகைய சரக்குகளில் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி போகும், பசி எடுக்கும். பிறகு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும். நாள்பட உண்டவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே மோசம் வரலாம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த தெருவில் அது விற்கிறது. என் வாடிக்கைக்காரர் சிலர் அங்கே போகிறார்கள். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில்.

சிங்கப்பூரில் 2008-இல் நடந்ததைக் கேளுங்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாய் விற்ற மாத்திரைகளில் நீரிழிவுக்காரர் உண்ணும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாதவர்கள் இரத்தச் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சிலர் மரித்தார்கள். வெட்கத்தினால் என்ன உண்டோம் என்பதை டாக்டரிடம் மறைப்பவர்களும் உண்டு.

"ஹலால் முத்திரை இருக்கிறதே" என்று சிலர் வாதிப்பார்கள். கூட்டின் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. உள்ளே திருட்டு மருந்து இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பதில் வேண்டும். எண்ணையும் பொய்யாய் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் எண்ணைப் போட்டால், சரக்கின் பெயர் வருகிறதா என்று தெரிந்துவிடும். பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை.

பதிவில்லாத சரக்கு பிடிபட்டால் தனிமனிதருக்கு முதல் தடவை 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இதைச் சொல்லிப் பயங்காட்ட வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதிகாரி வராத நாளிலும் மலக்குகள் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

இந்த வெள்ளிக்கிழமை கடையை அடைத்து ஜும்ஆவுக்குக் கிளம்புமுன் அலமாரியை ஒருமுறை பாருங்கள். எண், காலாவதித் தேதி இரண்டையும் வாசியுங்கள். வெயில்படும் கண்ணாடியோரம் அடுக்கியதை உள்ளே மாற்றுங்கள். எண்ணில்லாததைக் கட்டி, வாங்கிய பில்லுடன் தனியே வையுங்கள். அரை விலைக்குக் கூட இன்னொரு கடைக்காரர் தலையில் கட்டாதீர்கள்.