பேய்க்குக் கிடைத்த நியாயம்

கொள்ளிடத்தைத் தாண்டித் திருமானூர் வழியாக அரியலூர்ச் சாலையில் வடக்கே போனால் கீழப்பழுவூர். அதையடுத்து மேலப்பழுவூர், கீழையூர். கீழையூரின் இரட்டைக் கோயிலான அவனிகந்தர்ப்ப ஈச்வர கிருகம் பழுவேட்டரையர்களின் சிருஷ்டி. முதலாம் பராந்தகனுக்குப் பெண் கொடுத்த குடி அது. அந்தப் பெண் பெற்ற அரிஞ்சயனின் பேரர்கள்தான் ஆதித்த கரிகாலனும் ராஜராஜனும். செப்பேடும் கல்லும் சொல்வது இவ்வளவு. ஆனால் தமிழ் வாசகனுக்குப் பழுவேட்டரையர் என்றதும் ஞாபகம் வருவது கோயில் அல்ல, நள்ளிரவுச் சதிக்கூட்டம்.

1950 முதல் 1954 வரை, மணியத்தின் சித்திரங்களோடு வாராவாரம் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னைச் சரித்திர நாவல் என்கிறோம். அதன் எலும்புக்கூடு துப்பறியும் கதையுடையது. ஒரு கொலை, பல பேருக்குக் காரணம், ஊர் சுற்றித் துப்பெடுக்கும் ஒருவன். கூடவே மந்திரவாதி, ஆந்தைக் குரல், வால்நட்சத்திரம். சுந்தர சோழர் இரவில் காணும் ஆவி, கடைசியில் ரத்தமும் சதையுமான மந்தாகினி என்று தெரிகிறது. அதாவது பேய்க்கு அங்கே நியாயம் கிடைத்துவிடுகிறது. ரத்தமும் சதையுமாய் இருந்த பழுவேட்டரையருக்கு என்ன கிடைத்தது? கல்கி அவரைக் கீழ்மைப்படுத்தவில்லை என்பது உண்மை. கொலைப் பழியைத் தானே ஏற்று மாயும் கம்பீரம்கூடத் தருகிறார். கம்பீரமான பழியும் பழிதானே.

செத்தவனை அவதூறு செய்ய முடியுமா? உயிரோடிருக்கும் குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் உண்டா என்றுதான் சட்டமும் கேட்கிறது. ஆயிரம் வருஷத்துக்குப் பின் புண்பட யார் இருக்கிறார்கள்? இந்தத் தர்க்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில்தான் பேசுகிறவனின் கடன் கூடுகிறது. மூன்றாம் ரிச்சர்டை ஷேக்ஸ்பியர் கொலைகாரனாக்கினார். 1951இல் ஜோசஃபின் டே என்ற பெண்மணி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஒரு போலீஸ்காரரைக் கொண்டு அந்த வழக்கை மறுவிசாரணை செய்தார். அங்கே கற்பனை கட்டிய பழியைக் கற்பனையே அவிழ்க்க முயன்றது. இங்கே அந்த முயற்சிக்கு வாசகர்கள் கிடைப்பார்களா என்பது சந்தேகம். நமக்குச் சதி பிடித்துப்போய்விட்டது.

இத்தனைக்கும் வழக்கில் பெயர்கள் இல்லாமல் இல்லை. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் உத்தம சோழன்மேல் சரித்திராசிரியர்களின் சந்தேகமும் நந்தினியும் நுழைகிறார்கள்.

ஆனால் அந்தக் கல்லைக் கொலைக்குத் துப்பாக மட்டும் படிக்கிற நாம் அதன் உறவுமுறைப் பட்டியலைத் தாண்டிப் போய்விடுகிறோம். சகோதரர், மக்கள், மாமன்மார், பெண் கட்டியவர் என்று அது நீள்கிறது. அத்தனை பேர் சொத்தும் பறிமுதல். கத்தியைத் தொடாதவனும் ரத்த உறவால் குற்றவாளி. நாவல் ஒரு குடியின்மேல் ஏற்றியதை அரசன் வேறொரு குடியின்மேல் ஏற்றினான். நாவலால் யாரும் வீடிழக்கவில்லை என்பதே வித்தியாசம். ரவிதாசனின் மாமன்களுக்காக எந்தத் துப்பறிவாளனும் குதிரை ஏறவில்லை.

அந்த நிலத்தை விலைக்கு வாங்கியவர், பிராமண போஜனத்துக்கென்று அதைத் தர்மமாக எழுதிவைத்தார். கல்வெட்டு வெட்டப்பட்டதே அந்தத் தர்மத்தைச் சொல்லத்தான். கொலை அதில் ஒரு பேச்சுவாக்கில் வருகிறது.