வாச்சாத்தி: பணி ஆணையும் பழியும்

சீருடையில் இருந்தபோது செய்த குற்றத்துக்காக, முப்பத்தோரு ஆண்டு கழித்து, நரைத்துத் தளர்ந்த ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது அறமாகுமா? வாச்சாத்தி வழக்கின் மேல்முறையீடுகளை 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது பலர் மனத்தில் எழுந்த கேள்வி இது. அறமே ஆகும். அனுப்பாமல் விட்டிருந்தால்தான் அது அறப்பிழை.

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்து, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடியினர் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் கூட்டமாக ஊருக்குள் புகுந்தார்கள். அகப்பட்டவர்களையெல்லாம் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோய் வன்கொடுமை செய்தார்கள். வீடுகள் இடிந்தன; தானியமும் பாத்திர பண்டமும் ஆடு கோழியும் போயின; குடிதண்ணீர்க் கிணறுகூடப் பாழாயிற்று. கடைசியில் கடத்தல்காரர்கள் என்ற பெயரும் அந்த மக்களுக்கே. பெண்கள் குழந்தைகளோடு சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

புகாரை எடுத்துக்கொள்ளவே ஆளில்லை. 1995இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே சிபிஐ விசாரணை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளில் அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றாயிற்று. அவர்களில் 17 பேர்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீடு முடிய இன்னும் 12 ஆண்டு பிடித்தது.

மேலதிகாரி சொன்னார், செய்தோம் என்பது இத்தகைய வழக்குகளில் எப்போதும் வரும் வாதம். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எண்ணிப் பார்க்க வேண்டும். கோவலனைக் கொல்ல அரச ஆணையோடு வந்த காவலர்களே, இவன் முகத்தில் கள்வனின் குறி இல்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசித்தான் அந்தத் தயக்கத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. கடைசியில் வாளை ஓங்கியவன் குடிவெறியில் இருந்த ஒருவன். ஆணை கையில் இருந்தும் கை கூசும் இடம் ஒன்று உண்டு என்பதை இளங்கோ காட்டிவிட்டார். சந்தனக்கட்டையைத் தேடு என்ற ஆணைக்குள் ஒரு பெண்ணின் உடலைத் தொட அனுமதி எங்கே இருந்தது?

காலம் கடந்துவிட்டது, வயதாகிவிட்டது என்ற இரக்கக் குரலுக்குப் பெரியபுராணத்தில் விடை இருக்கிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்டபோது, பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அதே குற்றத்தை வேறொருவன் செய்திருந்தால் பரிகாரத்தோடு விடுவோமா என்று கேட்டான் மனுநீதிச் சோழன். வாச்சாத்திக்காரர் ஒருவர் வனக்காவலரை அடித்திருந்தால் முப்பது ஆண்டு கழித்து அவர் வயதை யார் கணக்கில் எடுத்திருப்பார்கள்? வள்ளுவர் அரசியலில் கண்ணோட்டத்துக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார், மெய்தான். ஆனால் கடமை சிதையாதவரைக்கும்தான் அந்த இரக்கம் என்று அதற்குள்ளேயே வரம்பும் கட்டிவிட்டார்.

இத்தனை பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவர் குற்றமும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு; சந்தேகத்தின் பலனை எதிரிக்குத் தருவது குற்றவியல் நீதியின் உயிர்நாடி. அதற்காக, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பெண்கள் பல ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறிச் சொன்னதில் சிறு முரண் இருந்தால், அதைக் கொண்டு முழு உண்மையையும் தள்ளிவிட முடியாது. நீதிபதி பி. வேல்முருகன் காகிதத்தை மட்டும் நம்பாமல் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். பிறகு சாட்சியங்கள் நம்பத்தக்கவை என்று முடிவு செய்தார். மேல்முறையீட்டு நீதிபதி மலையடிவாரம் வரை போவது நம் நாட்டில் அபூர்வம்.

தீர்ப்பு சிறைத்தண்டனையோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர அரசுக்கு உத்தரவிட்டதோடு, அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னது. கருவூலம் மட்டும் கொடுத்தால், பழி செய்தவனுக்காக ஊரே தண்டம் கட்டியதாகிவிடும். அப்போதிருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இதுதான் தீர்ப்பின் கூர்மையான பகுதி. கோவலனை வெட்டியது, ஆணையிட்ட பாண்டியன் கையில்லை. பொய் சொன்னதும் அவன் வாயில்லை. ஆனாலும் காவலன்மீதோ பொற்கொல்லன்மீதோ பழியைத் தள்ளாமல் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டு அரியணையிலேயே உயிரை விட்டான்.

வாச்சாத்தியிலோ 1992இல் அதிகாரத்திடமிருந்து மறுப்புத்தான் முதலில் வந்தது. அந்த மறுப்பைச் சுமந்துகொண்டே அந்தப் பெண்கள் முப்பத்தோரு ஆண்டு நீதிமன்றப் படியேறினார்கள். 18 பேரில் மூவர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.